வகுப்பில் ஒரே ஒருத்தி: கல்லூரிப் பட்டியல் போட உதவிய, உதவாத சேவைகள்

"இந்த ஆண்டு இறுதி வகுப்பில் எத்தனை மாணவர்கள்?" என்று என் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளி நிரப்ப வேண்டிய படிவம் கேட்டது. 1 என்று போட்டேன். "இந்த மாணவியை எவ்வளவு காலமாக, எந்த வகையில் அறிவீர்கள்?" என்பது இன்னொரு கேள்வி. பதினேழு வருடம், அதற்கு முன்னால் ஒரு பத்து மாதம் என்று எழுதக் கை துறுதுறுத்தது. பதினேழோடு நிறுத்திக்கொண்டேன்.

என் பெரியவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றவள். அதன் பிறகு படிப்பெல்லாம் வீட்டில்தான். இங்கே அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூலிங் சட்டப்படி செல்லும், ஆனால் கெடுபிடி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். டெக்சாஸில் அரசிடம் பதிவு செய்யவே வேண்டியதில்லை. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடம். அவளுக்குக் கணக்கும் உயிரியலும் பிடிக்கும். மூன்று வருடமாக வாசல் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அந்த நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்ய ஒரு வருடம் பிடித்தது. காசு கொடுத்து ஒரு சேவை, இலவசமாக நாலைந்து என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். தெரிந்த இரண்டு குடும்பங்கள் இப்போது இதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். இருவரும் எடுத்தவுடன் கேட்டது, "ஆலோசகர் வைத்தீர்களா, எவ்வளவு ஆச்சு?" ஒவ்வொருவரிடமும் போனில் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு கொடுத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. கல்லூரி ஆலோசனை நிறுவனம், நான்கு இலக்க டாலரில் ஒரு தொகுப்பு. மாதம் ஒரு வீடியோ அழைப்பு, கட்டுரை திருத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் பிள்ளைக்கென்றே தயாரித்த கல்லூரிப் பட்டியல். அந்தக் கடைசி அம்சத்துக்காகத்தான் சேர்ந்தோம்.

சேரும்போதே ஒரு சங்கடம். ஆன்லைன் படிவத்தில் பள்ளியின் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்ற கட்டமும் அப்படித்தான். போன் செய்து கேட்டேன். "ஏதாவது போடுங்கள், நாங்கள் சரிசெய்துகொள்கிறோம்" என்றார்கள். ரேங்க் 1 என்று போட்டேன். பொய் இல்லைதானே.

மூன்று வாரம் கழித்து அழகான பிடிஎப் வந்தது. 14 கல்லூரிகள். எட்டாத உயரத்தில் ஐந்து, நடுவில் ஐந்து, 'உறுதி' என்று நான்கு. ரீச், மேட்ச், சேஃப்டி என்று இங்கே எல்லாரும் போடும் அதே மூன்று தட்டு. பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்த நான்கு கல்லூரிகள் எதை வைத்து 'உறுதி'? அவளுடைய ஜிபிஏ, அதாவது நான்குக்கு எடுத்த சராசரி மதிப்பெண், 4.0 என்பதை வைத்து. அந்த 4.0 போட்டது யார்? நான்!

இது அவர்களுடைய தவறு மட்டும் என்று சொல்ல மாட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு வேலை செய்கிறது. ஒரு பள்ளியிலிருந்து இதற்கு முன்னால் யார் யார் எந்த மதிப்பெண்ணோடு எந்தக் கல்லூரிக்குப் போட்டார்கள், கிடைத்ததா இல்லையா என்ற வரலாறு அந்தப் பள்ளியிடம் இருக்கும். நவியன்ஸ் என்ற மென்பொருள் அதைப் புள்ளி புள்ளியாக வரைபடம் போட்டே காட்டும். உன் புள்ளி இங்கே விழுகிறது, பக்கத்துப் புள்ளிகளுக்கெல்லாம் இடம் கிடைத்திருக்கிறது, கவலைப்படாதே. வீட்டில் படித்தவளுக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லை. வரைபடத்தில் இருப்பது ஒரே ஒரு புள்ளி, அதுவும் அம்மா வைத்தது. ஆகவே அவளுக்கு எந்தக் கல்லூரி எளிது, எது கடினம் என்பதை மதிப்பெண் சொல்லாது. அந்தக் கல்லூரி இந்த மாதிரிக் காகிதங்களை எப்படிப் படிக்கிறது என்பதுதான் சொல்லும். பட்டியலை அங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

அடுத்தது கலிபோர்னியா பல்கலைக்கழகம். அதன் ஒரு வளாகம் 'மேட்ச்' தட்டில் இருந்தது. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அவர்களுடைய விதிகளைப் படித்தேன். அங்கே ஏ-ஜி என்று 15 பாடங்களின் பட்டியல் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் எடுக்கும் பாடம் அவர்கள் ஏற்றுக்கொண்ட பாடமாக இருக்க வேண்டும். நான் சமையலறை மேசையில் நடத்திய வரலாறு அதில் ஏறாது. கல்லூரிப் பாடங்களையும், ஏ.பி. எனப்படும் கல்லூரி மட்டத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் வைத்துச் சில இடங்களை நிரப்பலாம், இல்லாவிட்டால் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். வேறு கல்லூரிகளில் ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குக் கைகொடுப்பது எஸ்.ஏ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண். இங்கே சேர்க்கையில் அதை யாருக்குமே பார்ப்பதில்லை. பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. நான்கு சுவருக்குள் படித்த பெண் வெளியே காட்டுவதற்கு வைத்திருக்கும் இரண்டு சாட்சியும் போயிற்று. இன்னொரு வழி உண்டு, அது நல்ல வழியும்கூட: கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், படித்துவிட்டு இங்கே மாறுவது. ஆறு வளாகங்கள் அப்படி வருபவர்களுக்கு உத்தரவாதத்தோடு இடம் தரும் திட்டம் வைத்திருக்கின்றன. அந்த மாநிலத்தில் இருந்திருந்தால் நாங்கள் அதைத்தான் செய்திருப்போம். நாங்கள் அங்கே இல்லை. ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, "ஓ, அப்படியா" என்று குறித்துக்கொண்டார். பதிமூன்று ஆயிற்று.

அப்புறம், டிரான்ஸ்கிரிப்ட் எனும் பாட, மதிப்பெண் பட்டியலுக்கு அங்கீகாரம் வாங்கும் பேச்சு. "நீங்களே அடித்த டிரான்ஸ்கிரிப்ட்டைக் கல்லூரிகள் மதிக்காது, அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிவிடுங்கள்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. என் கணவர் கட்டிவிடலாம் என்றார், அவருக்கு எதையும் முத்திரையோடு பார்த்தால்தான் தூக்கம் வரும். நான் பட்டியலில் இருந்த கல்லூரிகளுக்கு நேராகப் போன் போட்டேன். ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. பெற்றோர் கையெழுத்திட்ட டிரான்ஸ்கிரிப்ட் போதும், என்ன படித்தாள் என்று பாட விவரம் கூட வைத்தால் நல்லது என்றார்கள். கட்டணம் மிச்சம். கேட்கும் கல்லூரிகளும் இருக்கலாம், ஆகவே நீங்களும் உங்கள் பட்டியலுக்குப் போன் போட்டுவிடுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை பார்த்த பெண்மணி தங்கம். என் மகள் எழுதிய முதல் கட்டுரை, வீட்டில் படிப்பதன் சிறப்புகள் பற்றிய மேடைப் பேச்சு. அவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், "நேற்று ராத்திரி என்ன செய்தாய்?" என்று கேட்டார். பூச்சி எண்ணினேன் என்றாள். "அதை எழுது." பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போடும் காமன் ஆப் தளத்தில் கட்டுரைக்கு எல்லை 650 சொல். மழை பெய்த ஓர் இரவில் ஒரே ஒரு பூச்சி வந்ததைப் பற்றி 640 சொல்லில் எழுதி முடித்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பணம் கட்டும் வசதி இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருப்பேன். மொத்தத் தொகுப்புக்கு ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை அவருக்கு.

இனி இலவசங்கள். இதில் எனக்குக் கண் திறந்தது காமன் டேட்டா செட். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும், உண்மையில் பொக்கிஷம். பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் ஒரே அமைப்பில் நிரப்பி வெளியிடும் புள்ளிவிவரப் படிவம் அது. கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடினால் பிடிஎப் கிடைக்கும். எல்லாக் கல்லூரியும் வெளியிடுவதில்லை. வெளியிடுபவர்களிடமும் அது முகப்புப் பக்கத்தில் இருக்காது, ஆராய்ச்சி அலுவலகம் என்று எங்கோ மூலையில் கிடக்கும்.

அதில் சி7 என்று ஓர் அட்டவணை. சேர்க்கையில் எதற்கு எவ்வளவு எடை என்று கல்லூரியே டிக் அடித்திருக்கும்: மிக முக்கியம், முக்கியம், பார்ப்போம், பார்ப்பதே இல்லை. பள்ளிப் பாடங்களின் கடினம், வகுப்பு ரேங்க், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, நேர்காணல், திறமை, குணம், வேலை அனுபவம், நம் கல்லூரி மேல் எவ்வளவு ஆர்வம் காட்டினாள் என்பது வரை வரிசையாக வரும். நானும் மகளும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுக்க 30 கல்லூரிகளின் சி7-ஐ எடுத்து ஒரு தாளில் குறித்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை, ஆனால் அவளுக்குப் பூச்சி எண்ணிப் பழக்கம்.

எங்கள் கணக்கு இப்படி. வகுப்பு ரேங்க் 'மிக முக்கியம்' என்றால் கீழே தள்ளு. ரேங்க் இல்லாதவர்களை அவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் எண்ணை நம்பி ஆளெடுக்கும் இடம், இவளுடைய எண் அம்மா கொடுத்தது. கட்டுரையும் பரிந்துரையும் மேல் வரிசையில் இருந்தால் மேலே ஏற்று. நேர்காணலைப் பார்க்கிறோம் என்றால் இன்னும் ஒரு படி மேலே, ஏனென்றால் நேரில் பேசினால் அரை மணி நேரத்தில் இவள் யார் என்று தெரிந்துவிடும். காட்டும் ஆர்வத்துக்கு எடை உண்டு என்றால் அந்தக் கல்லூரியின் ஆன்லைன் கூட்டங்களில் பெயர் பதிந்து கலந்துகொள்ள வேண்டும் என்று ஓரத்தில் ஒரு நட்சத்திரம். இந்த ஒரு தாள் பிடிஎப்பின் பதிமூன்றில் ஆறைக் கழித்துவிட்டது. நாங்கள் கேள்விப்பட்டே இராத நான்கு பெயர்களை உள்ளே கொண்டுவந்தது.

அதே படிவத்தின் சி5-இல், எத்தனை வருடக் கணக்கு, எத்தனை வருட அறிவியல், அதில் எத்தனை ஆய்வகத்தோடு, எத்தனை வருட வெளிநாட்டு மொழி கேட்கிறார்கள் என்று இருக்கும். இதைப் பதினோராம் வகுப்பில் பார்க்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்திருக்கலாம். எங்களுக்கு மொழியில் உதைத்தது. தமிழை மொழிப் பாடமாகக் காட்டலாமா என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு கல்லூரி, எந்த அளவுக்குப் படிக்க எழுதத் தெரியும் என்று பாட விவரத்தில் எழுதுங்கள், போதும் என்றது. இன்னொன்று வெளியே ஏதாவது மதிப்பீடு வேண்டும் என்றது. இரண்டு பதிலும் நியாயம்தான்.

ஐ3-இல் வகுப்பறை அளவு இருக்கும், எத்தனை வகுப்புகளில் 20 பேருக்குக் குறைவு, எத்தனையில் 100க்கு மேல் என்று. ஒரே ஆளாக உட்கார்ந்து படித்தவளை நேராக 300 பேர் அரங்கில் கொண்டு வைக்கலாமா என்ற கேள்வி எனக்கு இருந்தது. அவளுக்கு இல்லை. "கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஆசையிருக்காதா அம்மா?" என்றாள். ஏழு வருடமாக முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை எல்லாம் அவளே. அந்தப் பத்தியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டோம்.

காமன் டேட்டா செட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. அதில் இல்லாதது ஒன்றுதான், ஹோம்ஸ்கூல் என்று தனி வரிசை கிடையாது. அதற்குக் கல்லூரியின் சொந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பக்கங்களை வாசித்தே ஒரு கல்லூரியின் சுபாவத்தைச் சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. சில கல்லூரிகள் வீட்டில் படித்தவர்களை வரவேற்று, என்ன அனுப்பினால் எங்களுக்கு உதவும் என்று தெளிவாக எழுதியிருக்கும்: பாட விவரம், படித்த புத்தகங்கள், பெற்றோர் அல்லாத ஆசிரியரிடமிருந்து கடிதம். எம்.ஐ.டி. அப்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறது. எல்லோருக்கும் உள்ள விதிதான் உங்களுக்கும் என்ற தோரணை. எஸ்.ஏ.டி. அல்லது அதே மாதிரியான ஏ.சி.டி. கட்டாயம் என்பதை 2022இல் திரும்பக் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். இன்னொரு வகைக் கல்லூரியில், சர்வதேச மாணவர், ராணுவத்திலிருந்து வருபவர், ஹோம்ஸ்கூல் என்று 'மற்றவர்கள்' தலைப்பின் கீழே இரண்டு வரி. மூன்றாவது வகை, பள்ளிச் சான்றுக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வு வேண்டும் என்று ஒற்றை வாக்கியம் போட்டு முடித்துவிடும். ஜி.இ.டி. எழுதுவதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் நான்கு வருடப் படிப்பை ஒரு பரீட்சையாகச் சுருக்கிக் கேட்கிற இடம் இவளுடைய நோட்டைத் திறந்து பார்க்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பழைய தகவலில் கவனமாக இருங்கள். வீட்டில் படித்தவர்கள் கூடுதலாக எஸ்.ஏ.டி. சப்ஜெக்ட் தேர்வுகள் எழுத வேண்டும் என்று பழைய வழிகாட்டிகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் தேர்வுகளே 2021 ஜனவரியில் இங்கே நிறுத்தப்பட்டுவிட்டன. அதேபோல, தேர்வு மதிப்பெண் அனுப்புவது அவரவர் விருப்பம் என்று அறிவித்த கல்லூரிகளில் பல மறுபடி கட்டாயமாக்கியிருக்கின்றன. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் 2024இல் மாற்றியவை. விருப்பம் என்று சொல்லும் இடத்திலும், ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு அந்த விருப்பம் பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிட்டோம். விண்ணப்பத்தில் பள்ளிக் குறியீடு கேட்டார்கள். 970000, அது ஹோம்ஸ்கூலுக்கான எண். தனக்கும் ஒரு பள்ளி எண் இருக்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ஏ.பி. தேர்வு வேறு கதை. தேர்வு மே மாதம், ஆனால் பதிவு முந்தின நவம்பரிலேயே முடிந்துவிடும். வெளியாளை உட்கார வைக்கச் சம்மதிக்கும் பள்ளியை நாமே தேட வேண்டும். இரண்டு பள்ளிகள் முடியாது என்றன. மூன்றாவதில் ஒரு அலுவலக அம்மா, "ஒரு நாற்காலிதானே" என்றார். கம்யூனிட்டி காலேஜில் புள்ளியியலும் உயிரியலும் எடுத்தது இதைவிட எளிதாக இருந்தது. பரிந்துரைக் கடிதம் எழுத ஒரு பேராசிரியரும் கிடைத்தார். மாற்றுவழி தேடும் பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: பட்டியல் போடுவதற்கு முன்னால் வெளியாள் ஒருவர் போட்ட மதிப்பெண் குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

போன் அழைப்புகளையும் ஒரு சேவையாகவே விமர்சிக்கலாம். ஒவ்வொரு சேர்க்கை அலுவலகத்திடமும் மூன்றே கேள்வி. ஹோம்ஸ்கூல் விண்ணப்பங்களைப் படிக்கத் தனி ஆள் உண்டா? பள்ளியின் மாணவர் ஆலோசகர் எழுத வேண்டிய கவுன்சிலர் கடிதத்தைப் பெற்றோர் எழுதினால் ஏற்பீர்களா? போன வருடம் இப்படி வந்தவர்களில் உங்களுக்குப் பிடித்த விண்ணப்பத்தில் என்ன இருந்தது? மூன்றாவது கேள்விதான் தூண்டில். பாதிப் பேர் பொதுவாக ஏதோ சொன்னார்கள். ஒரு சிறிய கல்லூரியில் எடுத்தவர், யாரோ ஒரு பையன் அனுப்பிய புத்தகப் பட்டியலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அந்தக் கல்லூரியின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள். அதுவரை அது பட்டியலில் பன்னிரண்டாவது.

காலேஜ் நேவிகேட்டரும் காலேஜ் ஸ்கோர்கார்டும் மத்தியக் கல்வித் துறையின் இணையதளங்கள். விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லி நச்சரிப்பு இல்லை. ஸ்கோர்கார்டு படித்து முடித்தவர்களின் வருமானத்தைத் துறைவாரியாகச் சொல்லும். அதை என் கணவர் பார்த்தார். நேவிகேட்டரில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு துறையிலும் ஒரு வருடத்தில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கை. சூழலியல் எங்கள் சிறப்பு என்று பளபளப்பாகப் புத்தகம் அனுப்பிய ஒரு கல்லூரியில் அந்த வருடம் அதில் பட்டம் வாங்கியவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். இரண்டு தளத்துக்கும் ஐந்துக்கு நான்கரை.

பணம். கல்லூரி அறிவிக்கும் கட்டணத்தைப் பார்த்துப் பெயரை அடிக்காதீர்கள் என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். 2011 அக்டோபரிலிருந்து நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றைத் தங்கள் தளத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். மத்திய நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் கல்லூரிகளுக்கு அது பொருந்தும். வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நிரப்பினால், உங்கள் குடும்பத்துக்குத் தோராயமாக எவ்வளவு என்று வரும். சொல்லப்படும் விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்த இரண்டு கல்லூரிகளுக்கு எங்களுக்கு வந்த தொகையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். தேவை அடிப்படையில் உதவி கிடைக்காத குடும்பங்கள் காமன் டேட்டா செட்டில் எச்2ஏ-வையும் பாருங்கள், அப்படிப்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தானாக எவ்வளவு கொடுத்தது என்று இருக்கும். இந்தக் கணக்கால்தான் எர்லி டிசிஷன் வேண்டாம் என்று விட்டோம். இடம் கொடுத்தால் வந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. நாலு கடிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் தெளியும். வீட்டில் சட்டப்படி படித்து முடித்தவர்களுக்கும் மத்திய அரசின் கல்வி உதவி உண்டு, அதற்கு விண்ணப்பிக்கும் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்திலேயே ஹோம்ஸ்கூல் என்று ஒரு தெரிவு இருக்கிறது.

கடைசியாகக் காமன் ஆப். 1975இல் 15 கல்லூரிகள் சேர்ந்து ஆரம்பித்தது, இன்று ஆயிரத்துக்கு மேல். ஆகஸ்ட் 1 அன்று புது வருடத்துக்குத் திறக்கும். 20 கல்லூரி வரை சேர்க்கலாம். பிள்ளை பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது கவுன்சிலர் பக்கம். வீட்டில் படித்த பிள்ளைக்குப் பெற்றோரே கவுன்சிலர். மகள் என்னை அழைத்து மின்னஞ்சல் அனுப்பினாள், நான் தனிக் கணக்குத் திறந்தேன். பள்ளி அறிக்கை, டிரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய குறிப்பு, பரிந்துரைக் கடிதம், நாலும் என் தலையில். ஏன் வீட்டில் படிக்கவைத்தீர்கள், மதிப்பெண் எப்படிப் போட்டீர்கள் என்பதற்கும் இடம் உண்டு. இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். நான் இரண்டு வாரம் போதும் என்று நினைத்து, பாட விவரத்தை மட்டும் எழுதவே மூன்று வாரம் எடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு வரி: என்ன புத்தகம், என்ன செய்தாள், எப்படி அளந்தேன். பதினாறு பக்கம் வந்தது. 'களச் சூழலியல்' என்று ஒரு பாடம் போட்டிருந்தேன், அதுதான் அந்துப்பூச்சி நோட்டு. ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு முழு வருடப் பாடத்துக்கு, 120 மணி நேரம் என்பது பழைய கணக்கு. நோட்டைக் கூட்டிப் பார்த்தோம், 120ஐத் தாண்டி எங்கோ போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை. கவுன்சிலர் எழுதும் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன் என்று மாணவி கையெழுத்திட ஒரு இடம் இருக்கிறது. விட்டுத்தந்தால் கல்லூரி கடிதத்தை அதிகம் நம்பும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் விட்டுத்தந்தாள். அப்புறம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம் அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "என்ன எழுதுற?" "உனக்குத் தெரியக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாய்." உண்மையில் அம்மாவாக எழுதிய முதல் வடிவத்தைக் கிழித்துப் போட்டேன். எல்லா அம்மாவும் தன் பெண்ணைக் கெட்டிக்காரி என்றுதான் சொல்வாள். இரண்டாவது வடிவத்தில் பாராட்டே இல்லை. என்ன பாடம், எப்படித் தேர்ந்தோம், எங்கே சறுக்கினாள், சறுக்கியபின் என்ன செய்தாள். மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்ன கட்டங்களில், ஒப்பிட ஆள் இல்லை என்று காலியாக விட்டேன். காமன் ஆப்புக்கு ஐந்துக்கு நான்கு.

கடைசியில் ஒன்பது கல்லூரிகளுக்குப் போட்டாள். ஆலோசகரின் பிடிஎப்பிலிருந்து மிஞ்சியவை மூன்று. 'உறுதி' தட்டுக்கு நாங்களே இரண்டு தேடினோம்: எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, தேர்வு மதிப்பெண்ணும் கம்யூனிட்டி காலேஜ் மதிப்பெண்ணும் இருந்தால் போதும் என்று போனில் தெளிவாகச் சொன்ன கல்லூரி ஒன்று. புத்தகப் பட்டியல் பேசியவருடைய கல்லூரி மேலே ஏறி மூன்றாவதாக உட்கார்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த, கோபுரமும் கொடிகளும் உள்ள ஒரு கல்லூரியை அவள் கடைசி வாரம் அடித்துவிட்டாள். காரணம் கேட்டேன். ராத்திரியெல்லாம் வளாகம் முழுக்க விளக்கு எரிகிறதாம், பூச்சிகளுக்கு ஆகாதாம். இதை எந்த அட்டவணையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆலோசகர் வேண்டுமா என்று கேட்ட இருவரில் ஒருவருக்கு வேண்டும் என்றேன். அவருக்கு இரண்டு வேலை, உட்கார்ந்து சி7 பார்க்க நேரமில்லை. ஆனால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: இதுவரை எத்தனை ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள், அவர்களில் ஒருவரின் அம்மாவோடு நான் பேசலாமா? மற்றவருக்கு வேண்டாம் என்றேன். அவர் பெண் ஒன்பதாம் வகுப்பு. கையில் நேரம் இருக்கிறது.

ஜனவரியில் அரையாண்டு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று ஒரு கல்லூரியிடமிருந்து எனக்கு, அதாவது பள்ளிக்கு, நினைவூட்டல் வந்தது. வரலாற்றுக் கட்டுரை இரண்டு வாரமாகப் பாக்கி. மதிப்பெண் போட முடியாது என்றேன். இந்த விஷயமாகத் தன் கவுன்சிலரிடம் பேச வேண்டும் என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்றேன்.